ஐந்தேகால் மணிக்கு இருட்டிவிடும் தீவு: வேலூர் நிறுவனம் ஒன்றின் அந்தமான் பயணத் தொகுப்பு

பொங்கல் முடிந்த மறுவாரம் நாங்கள் ஆறு பேர் அந்தமானுக்குப் போய்வந்தோம். வேலூரில் காட்பாடி சாலையில், ஒரு மாடியில் இரண்டே மேசைகளை வைத்துக்கொண்டு இயங்கும் பயண நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஏற்பாடு செய்து தந்தது. ஐந்து இரவு, ஆறு பகல். விமானக் கட்டணம் நீங்கலாக ஆளுக்கு 26,000 ரூபாய். தங்குமிடம், காலை உணவு, தீவுக்குத் தீவு செல்லும் தனியார் விரைவுப் படகு, கார், நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஏனென்றால் இவர்களிடம் போவதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் விசாரித்தபோதும், தலைப்பில் இருந்த முத்திரை மட்டும் மாறிய இதே பயணத் திட்டத்தைத்தான் காட்டினார்கள். ஆகவே கீழே வரும் நிறையும் குறையும் அந்தத் தாளைப் பற்றியவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்களுடன் வந்தவர்களில் மூத்தவர் என் அம்மா; வயது 72, இரண்டு முழங்காலிலும் வலி. இளையவள் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். இடையில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், கணவரை இழந்த என் அக்கா. நான் காந்தி ரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் அது கதைக்குள் வரும். கடையை ஆறு நாள் தம்பியிடம் விட்டுவிட்டுப் போவதென்பது எனக்குச் சிறிய முடிவு அல்ல. அதனால் நேரத்தைப் பற்றி நிறுவனத்தாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். “நேரமெல்லாம் கரெக்டா போட்டிருக்கோம் சார், நீங்க வண்டியில ஏறி ஒக்காந்தா போதும்” என்றார் மேசையில் இருந்தவர். தாளில் நேரம் அச்சிட்டபடியே இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நேரங்களை எல்லாம் வேலூரில் உட்கார்ந்து, வேலூர் வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

காரணம் எளியது. இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன் அப்படி இல்லை. நம் வேலூர் ஏறத்தாழ 79 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் 92 பாகையைத் தாண்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்து, அதேபோல் முன்னதாகவே இருட்டிவிடுகிறது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் காலை 5.45-க்கெல்லாம் கதிரவன் மேலே வந்துவிடுகிறான், மாலை 5.15-க்கு மறைந்துவிடுகிறான். காலை ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புவதாகவும், மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் உலாவுவதாகவும் ஒரு திட்டத்தைப் போட்டால், பகலின் நல்ல பகுதி இரண்டு முனையிலும் கத்தரித்துப் போய்விடும். எங்களுக்கு நேர்ந்தது அதுவே.

முதல் நாள் வேலூரிலிருந்து நள்ளிரவு ஒரு மணிக்கு வேனில் புறப்பட்டு, சென்னையில் காலை விமானத்தைப் பிடித்தோம். பறக்கும் நேரம் இரண்டேகால் மணி. கப்பலில் போவதென்றால் மூன்று நாள் ஆகும் என்பதால் அந்த ஆசையை அக்கா மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு விட்டுவிட்டாள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். பலகைகளில் புதிய பெயர் இருக்கிறது. ஆட்டோக்காரர் முதல் அறைப் பையன் வரை வாயில் வருவது பழைய பெயர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். சோழர் கடற்படையை நினைவூட்டுவதாகச் சொல்லி வைத்த பெயர் அது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்று வருவது நிக்கோபார் என்பார்கள். ஆனால் அந்த நிக்கோபாருக்குச் சுற்றுலாப் பயணிகள் நினைத்தபடி போக முடியாது. நாம் பார்ப்பதெல்லாம் வடக்கே உள்ள அந்தமானின் சில தீவுகளை மட்டுமே.

அன்று பிற்பகல் செல்லுலார் சிறை. இதற்குத் தாளில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று மணி நேரம் வேண்டும். 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு, மொத்தம் 690-க்கும் மேற்பட்ட தனியறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருப்பதால், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க வழியே இல்லை. இப்போது மூன்று சிறகுகள்தான் மிச்சம். இடிந்தும் இடித்தும் போன மற்றவற்றின் இடத்தில் அரசு மருத்துவமனை ஒன்று நடக்கிறது. கோட்டையும் மத்திய சிறையும் உள்ள ஊர்க்காரனான எனக்கு மதிலும் கம்பியும் புதிதல்ல. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கோட்டையைச் சுற்றித்தான் நாங்கள் மாலை நடை போகிறோம். எங்கள் கோட்டையைச் சுற்றி அகழி. இங்கே கடலே அகழி. அவ்வளவுதான் வேறுபாடு என்று நினைத்துக்கொண்டே மாடியேறினேன்.

ஆனால் ஓர் அறையின் கதவருகே நின்றபோது அந்த எண்ணம் போய்விட்டது. கதவின் இரும்புத் தாழ்ப்பாள் நேராக நிலைக்கம்பில் விழாமல், நீண்டு சுவருக்குள் நுழைந்து, ஒரு முழத்துக்கும் அப்பால் சுவரில் குடைந்திருக்கும் சிறு மாடத்துக்குள் போய் முடிகிறது. பூட்டு அங்கே தொங்கும். என் மகன் உள்ளே நின்று கம்பிக்கு வெளியே கையை விட்டு, தோள்பட்டை வரை திணித்து எட்டிப் பார்த்தான். விரல் நுனி சுவரைத் தடவியதே தவிர மாடத்தைத் தொடவில்லை. ஒரு பூட்டை எங்கே வைப்பது என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார். கீழே முற்றத்தில் செக்கு இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மனிதரைக் கட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொன்ன செக்கு. 1933-இல் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் மூவர் இறந்த இடமும் இதுதான். கோபுரத்தில் சலவைக்கல்லில் கைதிகளின் பெயர்களை மாகாண வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். வங்காளத்தின் பட்டியல் முடிவில்லாமல் நீள்கிறது. அதன் முன்னால் ஒரு முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு எங்களுக்கு இந்திக் காட்சியின் சீட்டை வாங்கி வைத்திருந்தார்கள். ஆங்கிலக் காட்சியும் உண்டு என்பதை வாசலில் நின்றபோதுதான் அறிந்தோம்; அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. அம்மா முக்கால் மணி நேரமும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தி தெரியாத ஆறு பேருக்கு இந்திச் சீட்டு வாங்குவது, புறப்படுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நேராத பிழை.

மறுநாள் காலை விரைவுப் படகில் ஹேவ்லாக். 2018-இல் இதற்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷகீத் தீவு என்றும் பெயரிட்டார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். படகு முழுக்கக் குளிரூட்டப்பட்ட, கண்ணாடி மூடிய பேருந்தைப் போன்றது. எங்கள் வகுப்புச் சீட்டுக்குத் திறந்த தளத்தில் போய் நிற்க அனுமதி இல்லை. கடல் அன்று சற்றுக் குலுக்கியது. முன் வரிசையில் தொடங்கிப் பின் வரிசை வரை பை கேட்கும் குரல்கள் எழுந்தன. வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரைமணி முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. நான் எங்கள் ஆறு பேருக்கும் ஜெட்டி என்னும் படகுத்துறையிலேயே கொடுத்துவிட்டதால் தப்பித்தோம். தொகுப்பில் வந்த மற்ற குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. என் கைப்பையில் இருந்த மிச்ச அட்டையும் காலியாகி, நடுக்கடலில் ஒரு சின்ன மருந்துக்கடையே நடத்தினேன். அரசுப் படகு இதைவிட மெதுவாகப் போகிறது, கட்டணமும் மிகக் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம்; ஆனால் சீட்டு கிடைப்பது கடினம் என்பதால் நிறுவனங்கள் அதைத் தொடுவதில்லை.

‘கடல் பார்த்த அறை’ என்று எழுதியிருந்தது. பார்த்தது, இரண்டு தென்னைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குப் பார்த்தது. அறை சுத்தம், மெத்தை நன்று, வெந்நீர் வந்தது. குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

குறை, அன்று மாலைக்கு. பிற்பகல் மூன்று மணிக்குக் காலாபத்தர் கடற்கரை, அங்கிருந்து ராதாநகர் கடற்கரை. காலாபத்தர் கிழக்குப் பார்த்தது. விடியற்காலையில் பார்க்க வேண்டிய கரையை வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்த பிறகு காட்டினார்கள். ராதாநகர் மேற்குப் பார்த்தது; அங்கே நாங்கள் போய் இறங்கியது 4.50. 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று எழுதியதும், தூய்மையான, பாதுகாப்பான கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்றதும் இந்தக் கரைதான். காரிலிருந்து இறங்கி, அம்மாவை மெல்ல நடத்தி, மணலில் கால் வைத்து, பிள்ளைகள் துணி மாற்றி இடுப்பளவு நீரில் இறங்கும்போது ஆறேழு நிமிட வெளிச்சம் மிச்சம் இருந்தது. உடனே காவலர் விசில் ஊதினார். இருட்டத் தொடங்கினால் யாரையும் நீரில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. “வந்து குளிக்கவே இல்ல, தொவட்டச் சொல்றாங்க” என்று மகள் அழாத குறையாகக் கரையேறினாள். ஓட்டுநரிடம் கேட்டேன். “தாள்ல 4.30-னுதானே சார் போட்டிருக்கு” என்றார் அந்தத் தமிழ்ப் பையன், அவர் மேல் தவறு இல்லை.

அடுத்த நாள் ராதாநகர் தாளில் இல்லை. இரவே நான் கடைத்தெருவுக்குப் போய் ஓர் ஆட்டோவைப் பேசினேன். ஹேவ்லாக்கில் ஊர்களை எண்ணால் சொல்கிறார்கள்: ஒன்றாம் எண்ணில் ஜெட்டி, மூன்றாம் எண்ணில் சந்தை, ஐந்தாம் எண்ணில் விஜய்நகர், ஏழாம் எண்ணில் ராதாநகர். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே மிகுதி என்பதால் தெருவில் ஒலிப்பது வங்காளி. காந்தி ரோட்டில் கடை வைத்திருப்பவனுக்கு அதற்காக மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் விடுதிப் பலகை, உணவகப் பலகை எல்லாமே வங்காளியில் இருக்கும், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்களிடம் ‘காபார் போரே’, அதாவது சாப்பிட்ட பிறகு, என்று சொல்லிச் சொல்லியே முப்பது ஆண்டு வியாபாரம் செய்திருக்கிறேன். ஆட்டோக்காரரிடம் கூலி கேட்டபோது என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். எந்த ஊர் என்றார். வேலூர் என்றதும் ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். தன் தந்தையை அங்கே ஐந்து மாதம் வைத்திருந்து பார்த்ததாகவும், பாபு ராவ் தெருவில் அறை எடுத்துத் தங்கியதாகவும் சொன்னார். தந்தை பிழைத்தாரா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவரே “இப்போது தோட்டத்தில் பாக்கு பறிக்கிறார்” என்றார்.

காலை 5.30-க்கு வந்து ஏற்றிக்கொண்டார். ஆறு மணிக்கு ராதாநகரில் நாங்கள் ஆறு பேர், இரண்டு வெளிநாட்டவர், நான்கைந்து நாய்கள். கரைக்குப் பின்னால் காடு சுவர்போல நிற்கிறது; மிக உயர்ந்த, அடிமரம் நேராக ஏறிய மரங்கள். சூரியன் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருப்பதால் மணல் முழுதும் நிழல். கடல் மட்டும் தொலைவில் வெளிச்சம் ஏறி, கரைக்கு அருகே பச்சையாகவும் அதற்கப்பால் நீலமாகவும் பிரிந்து கிடந்தது. மணல் மாவு சலித்தது போல நுண்மையானது, காலடி பட்டால் அமுங்கி மேலே எழாமல் அப்படியே நிற்கிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். மற்றவை இன்னும் ஏறக்குறைய அப்படியே. பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்த அம்மா, புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றவர், ஒரு மணி நேரம் வலி என்று சொல்லவில்லை. காவலர் பணிக்கு வரும்வரை நாங்கள் கணுக்காலைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தீவுகளில் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. ஆளில்லாத கரையில் நீந்துவது வீரம் ஆகாது. இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆட்டோவுக்குக் கொடுத்தது மட்டுமே செலவு; 26,000 ரூபாய்க்குள் இது இல்லை.

அன்று முற்பகல் எலிஃபண்ட் கடற்கரை. ஜெட்டியிலிருந்து சிறு படகில் அரைமணிக்கும் குறைவு. ஸ்நார்க்கெலிங் தொகுப்பிலேயே அடங்கியிருந்தது: முகமூடி, மூச்சுக் குழாய், மிதக்கும் வளையம் கொடுத்து, ஆள் ஒருவர் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பவளப் பாறைகளின் மேல் மிதக்க விடுகிறார். நீந்தத் தெரியாத என் மனைவி பயமின்றிப் பார்த்தாள். 2010-இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. சாம்பல் நிறமாய் இறந்து கிடக்கும் பாறைகளையும், இடையிடையே உயிரோடு இருக்கும் ஊதா, பழுப்புத் திட்டுகளையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டியிருக்கிறது. படத்தில் காட்டிய வண்ணக்காடு இல்லை. ஆனாலும் கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கும் ஓசை நீருக்குள் ‘கறுக் கறுக்’ என்று கேட்டதை மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் முறை 15 நிமிடம்தான். படம் எடுத்துத் தருவதற்குத் தனிக் காசு.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. ‘தென்னிந்திய உணவு கிடைக்கும்’ என்று எழுதியிருந்தது. விடுதியில் கிடைத்தது பூரி, ஆலு, ஒருநாள் கல் போன்ற இட்லி. மூன்றாம் எண் சந்தையில் வங்காளி வீட்டுக்காரம்மா ஒருவர் நடத்தும் கடையில் மீன் குழம்பும் சோறும் அருமை. கடுகெண்ணெய் வாசனை பழகாதவர்களுக்குச் சற்றுத் தயக்கம் வரலாம். போர்ட் பிளேரில் அபர்தீன் கடைத்தெருவில் தமிழ் மெஸ்கள் இருக்கின்றன, அங்கே அம்மா இரண்டு வேளை ரசம் சாப்பிட்டார். சைவம் மட்டும் உண்பவர்கள் தட்டை, முறுக்கு, பருப்புப்பொடி எடுத்துப்போவது நல்லது.

நான்காம் நாள் நீல் தீவில் சூரியனுக்குப் பதில் கடல் எங்களை ஏமாற்றியது. அங்குள்ள இயற்கைப் பாலம் என்பது கடல் குடைந்த பாறை வளைவு. ஊரில் ஹவுரா பாலம் என்று செல்லமாகச் சொல்கிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் பாறைத் தரையில் நடந்து போனால்தான் அதை அடையலாம். நடக்கும் வழியெங்கும் குட்டைகளில் கடல்வெள்ளரி, நண்டு, சிறுமீன் எல்லாம் தெரியும். நாங்கள் போனது நீர் ஏறும் நேரம். வளைவுக்குப் போகும் பாதையே நீருக்குள். தொலைவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஏற்றவற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போவது. அந்த அட்டவணை எல்லா ஜெட்டியிலும் தெரிந்த செய்தி, கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். எல்லாக் குழுவுக்கும் எல்லா நாளும் ‘பகல் 11 மணி, இயற்கைப் பாலம்’ என்று ஒரே வரியை அச்சிட்டால் பாதிக் குழுவினர் இப்படித்தான் திரும்புவார்கள்.

பரத்பூர் கரையில் கண்ணாடி அடிப்படகு நன்றாக இருந்தது, அம்மாவைப் போன்றவர்களுக்கு அதுவே போதும். லட்சுமண்பூர் கரையில் அந்தி பார்த்தோம். அன்றைக்கு மட்டும் நானே வலியுறுத்தி நான்கு மணிக்குப் போய்விட்டோம். அங்கே கரையொதுங்கிய பவளத்துண்டு ஒன்றை மகள் எடுத்துப் பையில் போட்டாள். உள்ளங்கை அளவு, எலும்பு போல வெள்ளை, தேன்கூடு போல நுண்துளைகள். ஓட்டுநர் பார்த்துவிட்டு, “பாப்பா, அத வச்சிடும்மா, ஏர்போர்ட்ல ஸ்கேன்ல புடிச்சுடுவாங்க” என்றார். செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்து வரக் கூடாது. திரும்பும் நாளில் விமான நிலையத்தில், பறிமுதல் செய்த சிப்பிகளும் பவளங்களும் ஒரு பெட்டியில் குவிந்து கிடப்பதைப் பார்த்தோம். தாளில் இதைப் பற்றி ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்?

ஐந்தாம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பி, ராஸ் தீவு. இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858-இல் கைதிகளின் குடியிருப்பு தொடங்கியபின் ஏறத்தாழ எண்பது ஆண்டு ஆங்கிலேயர் இந்தச் சிறு தீவிலிருந்துதான் அந்தமானை ஆண்டார்கள். 1941 ஜூன் மாத நிலநடுக்கம், அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் வருகை; பிறகு யாரும் அங்கே குடும்பம் நடத்தவில்லை. மாதா கோயில், ரொட்டிக்கூடம், நடன மண்டபம் எல்லாம் இப்போது ஆலின் வேர்களுக்குச் சொந்தம். கூரை போய்விட்டது, சுவரை வேர் பிடித்து நிறுத்தியிருக்கிறது, வேரை வெட்டினால் சுவரும் விழும் என்று தோன்றுகிறது. புள்ளிமான்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கின்றன. எதிர்க்கரையில் சிறை தெரிகிறது. நடன மண்டபத்தின் வாசலில் நின்றால் நேரே அதுதான் கண்ணில் படும் என்பது எனக்கு நெடுநேரம் உறுத்தலாகவே இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டி உண்டு. அம்மா அதில் முழுத் தீவையும் சுற்றினார். இந்த இடத்துக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம்.

அதன்பின் போகவிருந்த நார்த் பே, காற்று காரணமாக அன்று படகு இல்லாததால் நின்றுபோனது. பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த தென்னையும் கடலும் அந்தக் காட்சிதான். 2019-இல் வந்த புதிய தாளில் எல்லோரா வந்துவிட்டது. வானிலைக்கு யாரும் பொறுப்பல்ல. அதற்குரிய பணத்தை நிறுவனம் மூன்று வாரம் கழித்து, இரண்டு முறை நேரில் போய்க் கேட்ட பிறகு, பாதியாகத் தந்தது. மீதிப் பாதி ‘ஜெட்டிக் கட்டணம்’ என்றார்கள். இதற்கு ரசீது கேட்டேன், இன்னும் வரவில்லை.

ஒன்றை நாங்களே மறுத்தோம். கூடுதலாக ஒரு நாள் சேர்த்தால் பாராதாங் போய்ச் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்கலாம் என்று சொன்ன மேசைக்காரர், குரலைத் தாழ்த்தி, “வழியில ஜாரவா ஆளுங்களையும் பாக்கலாம் சார்” என்றார். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்கு ஊடாகப் போகிறது. வண்டிகள் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறித்த நேரங்களில் அணியாகத்தான் போக வேண்டும். நிறுத்தவோ, படம் எடுக்கவோ, உணவு கொடுக்கவோ கூடாது. பழங்குடியினரைக் காக்க 1956-இலேயே தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கிறது. குகையைப் பார்க்கப் போவது வேறு. மனிதர்களைக் காட்சிப் பொருளாக்கிக் காசு வாங்குவது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் விற்ற அந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் பிடிக்கவில்லை. குகையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அறைகள் நான்கில் மூன்று சொன்னபடி இருந்தன. எந்தப் படகும் தவறவில்லை. ஒவ்வொரு ஜெட்டியிலும் பெயர்ப் பலகையுடன் ஆள் நின்றார். போர்ட் பிளேரில் அவர்களுக்காக வேலை செய்யும் தமிழர் ஒருவர், அப்பா காலத்தில் கப்பலில் வந்து குடியேறியவர், அம்மாவுக்கு எங்கிருந்தோ சக்கர நாற்காலி கொண்டுவந்து, படகுப் பலகையைத் தானே பிடித்துக்கொண்டு, “அம்மா, என் தோள்ல கைய வைங்க” என்று ஏற்றி இறக்கினார். அதற்கு அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. முதியவர்களுடன் போகும் குடும்பம் சீட்டும் அறையும் தாமே தேடி அலைவதைவிட இப்படி ஒரு நிறுவனத்தின் வழியாகப் போவதே மேல் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இளைஞர்கள் நான்கு பேர் என்றால் தேவையே இல்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அதில் ஒன்று அந்தச் சக்கர நாற்காலிக்கு.

பணத்தைக் கேட்கப் போன இரண்டாம் முறை, மேசையில் இருந்தவரிடம் சூரியன் மறையும் நேரத்தைச் சொன்னேன். “ஐந்தேகாலுக்கா? இன்னா சார் சொல்றீங்க, இங்க ஆறு மணிக்குக்கூட வெளிச்சமா கீதே” என்று வியந்தார். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவர் அந்தமானுக்குப் போனதே இல்லை. ஐந்து ஆண்டாக விற்கிறார். மனிதர் நல்லவர். மேசை மேல் இருந்த அடுத்த குழுவின் தாளை இழுத்து, ராதாநகருக்கு எதிரே இருந்த 4.30-ஐ அடித்து, பேனாவால் 2.30 என்று எழுதினார். அதற்கு மேல் வரியில் காலாபத்தர் மூன்று மணி என்று இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.